பாலிஸ்டிக்ஸ் ரிப்போர்ட் வந்தா கடைசி பக்கத்துலேருந்து படிக்காதீங்க

போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு ஒரு ஜூனியர் வக்கீல் தம்பி போன் பண்ணான். "அண்ணே, லேப் ரிப்போர்ட் வந்துருச்சு, ஸ்பாட்ல கிடந்த காலி தோட்டா நம்ம ஆள்கிட்ட புடிச்ச துப்பாக்கியிலேருந்து தான் சுட்டதுன்னு போட்டுட்டாங்க, இனி என்னண்ணே இருக்கு, தண்டனைய கொறச்சு குடுங்கன்னு கேக்க வேண்டியது தானா"ங்கறான். காலி தோட்டா என்னைக்கு கோர்ட்டுக்கு வந்துச்சு, துப்பாக்கி என்னைக்கு வந்துச்சுன்னு கேட்டேன். தெரியல. எத்தனை பார்சல், சீல் எப்படி இருந்துச்சு? அதுவும் தெரியல. நாலு பக்க ரிப்போர்ட்ல கடைசி பாராவ மட்டும் படிச்சுட்டு படுக்கப் போக இருந்திருக்கான்.

அவன சொல்லி குத்தமில்ல. நம்ம கோர்ட்டுகள்ல வெட்டு குத்து கேஸ் தான் நிறைய, துப்பாக்கி கேஸ் எப்பவாச்சும் ஒண்ணு வரும், அதனால பத்து வருஷம் செஷன்ஸ் பார்த்தவங்களுக்கே பாலிஸ்டிக்ஸ்னா, அதாவது துப்பாக்கி, தோட்டா பத்துன தடய ஆய்வுன்னா, ஒரு நடுக்கம் இருக்கு. போன்ல அவன்கிட்ட சொன்னத கொஞ்சம் விரிவா இங்க எழுதுறேன். டிஃபென்ஸ்க்கு மட்டும் இல்ல, பி.பி. (அரசு வக்கீல்) ஆபீஸ்ல இருக்கறவங்களுக்கும் இதே தான், ஏன்னா கேஸ்ல இருக்கற ஓட்டைய அடைக்க வேண்டியது அவங்க, தேட வேண்டியது நாம.

முதல்ல ரிப்போர்ட்ட மூடி வச்சுட்டு, என்ன துப்பாக்கின்னு பாருங்க. பாதி பேர் இத செய்யறதே இல்ல. ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, கொல்லிமலைப் பக்கம் வர்ற கேஸ்ல பிடிபடறது பெரும்பாலும் நாட்டுத்துப்பாக்கி, ரிப்போர்ட்ல எஸ்.பி.எம்.எல்.னு போட்டிருப்பாங்க, அதாவது ஒத்தக் குழல், வாய் வழியா மருந்து போட்டு இடிக்கற துப்பாக்கி. அதுல தோட்டாவே, அதாவது மருந்தும் குண்டும் ஒண்ணா அடைச்சு வர்ற கூடே, கிடையாது. கரிமருந்த கொட்டி, துணியோ நாரோ வச்சு இடிச்சு, மேல பால்ரஸ் குண்டையோ ஈய உருண்டையையோ போட்டு, திரும்ப ஒரு அடைப்பு அடைச்சு, பின்னாடி கேப் வச்சு சுடுவாங்க. குழலுக்குள்ள வரியும் கிடையாது, வழவழன்னு தண்ணி பைப்பு மாதிரி இருக்கும். அப்ப பொணத்துலேருந்து எடுத்த பால்ரஸ் குண்டு இந்தக் குழல்லேருந்து தான் வந்துச்சுன்னு உலகத்துல எந்த நிபுணராலயும் சொல்ல முடியாது. அந்த மாதிரி கேஸ்ல ரிப்போர்ட் அதிகபட்சம் சொல்றது மூணே விஷயம் தான், துப்பாக்கி வேலை செய்யற நிலையில இருக்கு, குழல்ல சுட்டதுக்கான மருந்துப் படிவு இருக்கு, இந்த மாதிரி குண்ட இந்த மாதிரி துப்பாக்கியில போட்டு சுட முடியும். "முடியும்"ங்கற வார்த்தைய அடிக்கோடு போட்டு வச்சுக்குங்க. காட்டுப்பன்னிய வெரட்ட வச்சிருக்கற துப்பாக்கியில படிவு இல்லாம இருந்தா தான் ஆச்சரியம், அது எந்த தேதியில சுட்ட படிவுன்னும் யாரும் சொல்ல முடியாது. ஆனா சார்ஜ் ஷீட்ல மட்டும் "தடயவியல் அறிக்கை மூலம் நிரூபணமாகிறது"ன்னு கெத்தா எழுதியிருப்பாங்க.

அடுத்தது லைசென்ஸ் துப்பாக்கி, பன்னெண்டு போர் (குழல் அகலத்தோட அளவு). இதுவும் குழல் வழவழப்பு தான், ரவைய (சின்னச் சின்ன ஈய உருண்டைங்கள) வச்சு எந்தத் துப்பாக்கின்னு சொல்ல முடியாது. ஆனா இதுல தோட்டா இருக்கு, சுட்டப்பறம் காலி தோட்டாவோட பித்தளை அடிப்பக்கத்துல துப்பாக்கி தன் கைநாட்ட வச்சுட்டுப் போகும். நம்ம தம்பி கேஸ் இந்த ரகம். மூணாவது தான் பிஸ்டல், ரிவால்வர், ரைஃபிள் எல்லாம், அதுல குழலுக்குள்ள சுருள் சுருளா வரி வெட்டியிருக்கும், குண்டு அதுல இறுகிச் சுத்திக்கிட்டே வெளிய வரும், அதனால குண்டுலயும் கோடு விழும், காலி தோட்டாவுலயும் தழும்பு விழும். ரிவால்வர்னா இன்னொண்ணு ஞாபகம் வச்சுக்கணும், காலி தோட்டா உருளைக்குள்ளயே தான் இருக்கும், தானா வெளிய தெறிக்காது. அதனால ரிவால்வர் கேஸ்ல ஸ்பாட்ல காலி தோட்டா பொறுக்குனேன்னு மகஜர் (சாட்சிங்க முன்னாடி பொருள எடுத்ததா போலீஸ் எழுதற பத்திரம்) இருந்தா, அங்கயே நின்னு தொறந்து கொட்டிட்டுப் போனானா என்னன்னு கேக்கணும்.

சரி, அந்த கைநாட்டு என்னன்னு கொஞ்சம் கிட்ட போய் பார்ப்போம். காலி தோட்டாவ கவுத்துப் புடிச்சா அடியில நடுவுல ஒரு சின்ன வட்டம், அது பிரைமர். அதுல ஒரு குழி விழுந்திருக்கும், அது ஃபயரிங் பின் குத்துன இடம். குழி நட்ட நடுவுல இருக்கா, ஒரு பக்கமா தள்ளியிருக்கா, அதோட அடி மொட்டையா இருக்கா, விளிம்புல ஏதாச்சும் பிசிறு இருக்கான்னு பார்ப்பாங்க. வெடிக்கறப்ப தோட்டா பின்னாடி போய் துப்பாக்கியோட முதுகுச் சுவத்துல மோதும், அந்தச் சுவத்துல அரம் போட்ட கீறல் எல்லாம் மெத்துன்னு இருக்கற பிரைமர் மேல அப்படியே பதியும், அதுக்குப் பேர் ப்ரீச் ஃபேஸ் மார்க். தானா வெளிய தள்ளற பிஸ்டல்னா இழுக்கற கொக்கியோட தழும்பு ஒண்ணு, தள்ளற மொனையோட தழும்பு ஒண்ணு, அது வேற. லேப்ல அதே துப்பாக்கியில புதுத் தோட்டா போட்டு சுட்டு, அந்தக் காலிய ஒரு பக்கம், ஸ்பாட்ல எடுத்தத இன்னொரு பக்கம் வச்சு கம்பாரிசன் மைக்ராஸ்கோப்ல பார்ப்பாங்க. ரெண்டு மைக்ராஸ்கோப்ப ஒரே கண்ணாடியில சேர்த்த மாதிரி இருக்கும், நடுவுல மெல்லிசா ஒரு கோடு, இடது பக்கம் ஒரு தோட்டா, வலது பக்கம் இன்னொண்ணு, திருப்பித் திருப்பி கீறல் கோட்டுக்கு அந்தப் பக்கமும் தொடருதான்னு பார்க்கறாங்க. அவ்ளோ தான் சயின்ஸ். கம்ப்யூட்டர் பீப்னு கத்தி பச்சை லைட் எரியறதெல்லாம் சினிமா. கடைசியில முடிவு எடுக்கறது மைக்ராஸ்கோப்ல குனிஞ்சு பார்க்கற மனுஷனோட கண்ணும் அனுபவமும்.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. எல்லா தழும்பும் ஒரே மதிப்பு இல்ல. பன்னெண்டு போர், நடுவுல குத்துற பின், வரி வலது பக்கமா சுத்துது, ஆறு பள்ளம், இதெல்லாம் ஒரு ரகத்துக்கே பொதுவானது, ஒரே மாடல்ல ஆயிரம் துப்பாக்கிக்கு இருக்கும். தேய்மானத்துலயும் துருவுலயும் அரம் போட்டதுலயும் வர்ற தனி அடையாளம் தான் ஒரு துப்பாக்கியக் காட்டிக் குடுக்கும். ரெண்டுக்கும் நடுவுல மூணாவதா ஒரு வில்லன் உண்டு, ஒரே கருவியில அடுத்தடுத்து செஞ்ச நாலஞ்சு துப்பாக்கிக்கு மட்டும் ஒரே மாதிரி விழற கீறல். அத தனி அடையாளம்னு நினைச்சுட்டா தப்பாயிடும். ரிப்போர்ட்ல "குணாதிசயங்கள் ஒத்துப்போகின்றன"ன்னு மட்டும் இருந்தா எந்தக் குணாதிசயம்னு கேக்கற உரிமை உங்களுக்கு இருக்கு.

இப்ப ரிப்போர்ட்டத் தொறங்க. முதல் பக்கம். நம்ம ஊர்ல பொருள் போற பாதைய மனசுல வச்சுக்கிட்டுப் படிக்கணும். ஐ.ஓ. (விசாரணை அதிகாரி) ஸ்பாட்ல மகஜர் போட்டு எடுக்கறாரு, வி.ஏ.ஓ.வும் தலையாரியும் சாட்சி கையெழுத்து, அப்பறம் ஸ்டேஷன், அப்பறம் மாஜிஸ்ட்ரேட் கோர்ட், அங்கேருந்து ஐ.ஓ. குடுத்த வேண்டுகோள் மேல கோர்ட் லெட்டரோட ஒரு கான்ஸ்டபிள் எடுத்துட்டு மயிலாப்பூர்ல இருக்கற தடயவியல் துறைக்குப் போறாரு. இதுல ஒவ்வொரு கை மாறும்போதும் ஒரு தேதி, ஒரு பேப்பர் இருக்கும். மகஜர்ல ஒரு தேதி, பொருள கோர்ட்டுக்கு அனுப்பற ஃபார்ம் 91-ஓ 95-ஓ எதுல அனுப்புனாங்களோ அதுல கோர்ட் சீல் விழுந்த தேதி, கோர்ட் லெட்டர் தேதி, லேப்ல வாங்குன தேதி. ஒரு வெள்ளப் பேப்பர எடுத்து, காலி தோட்டாவுக்கு ஒரு கோடு, துப்பாக்கிக்கு ஒரு கோடுன்னு போட்டு, இந்தத் தேதிய எல்லாம் வரிசையா எழுதுங்க. அரை மணி நேர வேலை.

எதுக்குன்னா, இந்த மாதிரி கேஸ்ல பெரிய ஓட்டை இங்க தான் இருக்கும். சம்பவம் மூணாந்தேதி, காலி தோட்டா எடுத்தது நாலாந்தேதி, ஆளப் புடிச்சு துப்பாக்கி எடுத்தது ஒம்பதாந்தேதின்னு வைங்க. காலி தோட்டா நாலு, அஞ்சுலயே சீல் வச்சு கோர்ட்டுக்கு வந்துருச்சுன்னா பிராசிக்யூஷன் கேஸ் கல்லு மாதிரி நிக்கும், ஏன்னா துப்பாக்கி போலீஸ் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே தோட்டா அவங்க கைய விட்டுப் போயிருச்சு. ஆனா காலி தோட்டா ஸ்டேஷன் அலமாரியிலயே கிடந்து, துப்பாக்கி வந்தப்பறம் ரெண்டும் ஒண்ணா பதினொண்ணாந்தேதி கோர்ட்டுக்கு வந்தா? நடுவுல ரெண்டு நாள், துப்பாக்கியும் இருக்கு, ஸ்டேஷனும் இருக்கு, தோட்டாவும் கிடைக்கும். ஸ்டேஷன்ல சுட்டு மாத்தி வச்சாங்கன்னு நாம நிரூபிக்க வேண்டியதில்ல, மாத்த முடியாதுன்னு அவங்க காட்டணும். லேப் பொய் சொல்லலன்னே வைங்க, அவங்க கையில குடுத்த தோட்டா அந்தத் துப்பாக்கியில சுட்டது தான், நூத்துக்கு நூறு உண்மை, ஆனா அது ஸ்பாட்ல கிடந்த தோட்டா தானாங்கறதுக்கு லேப் பதில் சொல்லவே முடியாது. பி.பி. பக்கம் இருக்கறவங்களுக்கும் இதே தான் பாடம், ஐ.ஓ. உங்ககிட்ட ஒபினியன் கேட்டு வந்தா முதல் நாளே சொல்லுங்க, காலி தோட்டாவ துப்பாக்கிக்காகக் காக்க வைக்காதய்யா, இன்னைக்கே அனுப்புன்னு.

சீல் விஷயமும் இதோட சேர்ந்தது. மகஜர்ல எந்த முத்திரை வச்சு சீல் பண்ணாங்கன்னு இருக்கா, மாதிரி சீல் தனியா அனுப்புனாங்களா, லேப் "சீல் அப்படியே இருந்தது, மாதிரியோட ஒத்துப்போச்சு"ன்னு எழுதியிருக்கான்னு பாருங்க. 2024 ஜூலை 1-லேருந்து பழைய சி.ஆர்.பி.சி.க்கு பதிலா பி.என்.எஸ்.எஸ்.ங்கற குற்ற விசாரணை நடைமுறைச் சட்டம் வந்துருச்சு, 105-வது பிரிவுல சோதனை, பறிமுதல் எல்லாத்தையும் வீடியோ எடுக்கணும்னு இருக்கு, 176(3)-ல ஏழு வருஷமும் அதுக்கு மேலயும் தண்டனை உள்ள கேஸ்ல தடயவியல் ஆள் ஸ்பாட்டுக்கு வரணும்னு இருக்கு, ஆனா அது எப்பலேருந்து கட்டாயம்ங்கறத மாநில அரசு அஞ்சு வருஷத்துக்குள்ள அறிவிக்கலாம்னு விட்டிருக்காங்க. புது கேஸ்னா வீடியோவக் கேட்டு வாங்கிப் பாருங்க. மகஜர்ல "சாட்சிகள் முன்னிலையில் சீல் வைத்து"ன்னு எழுதிட்டு வீடியோவுல சும்மா பாலித்தீன் கவர்ல போட்டுட்டுப் போறாங்கன்னா அத விட நல்ல க்ராஸ் (குறுக்கு விசாரணை) மெட்டீரியல் கிடைக்காது.

பொணத்துலேருந்து எடுத்த குண்டுன்னா டாக்டர் கைய மறக்கக்கூடாது. குண்டுல தான் கோடு இருக்கு, அந்தக் கோடு மேல இரும்பு இடுக்கிய வச்சு அழுத்திப் புடிச்சு இழுத்தா புதுக் கீறல் விழும், அதனால விரலாலயோ மொனையில ரப்பர் போட்ட இடுக்கியாலயோ எடுக்கணும், கழுவி ஈரம் போக காய வைக்கணும், அடையாளம் போடணும்னா அடிப்பக்கத்துல போடணும், பக்கவாட்டுல போடக்கூடாது. இதயெல்லாம் டாக்டர்கிட்ட கேளுங்க, ஆனா சண்டை போடற தொனியில இல்ல, "டாக்டர், நீங்க எந்த இடுக்கி பயன்படுத்துனீங்க, நோட்ல எழுதியிருக்கீங்களா"ன்னு சாதாரணமா. டாக்டர கோவப்படுத்துனா அவரு பாலிஸ்டிக்ஸ விட்டுட்டு காயத்த விரிவா விளக்க ஆரம்பிச்சுருவாரு, அதுவரைக்கும் சும்மா உக்காந்திருந்த ஜட்ஜ் எழுத ஆரம்பிச்சுருவாரு.

அப்பறம் கூட்டிக் கழிச்சுப் பாருங்க. சிரிக்காதீங்க. நான் பிராக்டிஸ் ஆரம்பிச்ச நாலாவது வருஷம், ஒரு மாவட்ட கோர்ட்ல, மகஜர்ல உயிர்த் தோட்டா மூணுன்னு இருந்துச்சு. லேப் ரிப்போர்ட்ல ரெண்டு தோட்டாவ டெஸ்ட்டுக்கு சுட்டோம்னு போட்டிருந்துச்சு. அப்ப திரும்பி வர வேண்டியது உயிர்த் தோட்டா ஒண்ணு, டெஸ்ட் காலி ரெண்டு, அதோட ஸ்பாட் காலி ஒண்ணு, மொத்தம் நாலு. எம்.ஓ. (சான்றுப் பொருள்) பார்சல ஜட்ஜ் முன்னாடி பிரிக்கச் சொல்லி மேஜை மேல ஒண்ணொண்ணா எண்ணுனோம், அஞ்சு இருந்துச்சு. அஞ்சாவது தோட்டாவுல எந்தக் குறியும் இல்ல, எங்கேருந்து வந்துச்சுன்னு ஐ.ஓ.வுக்கும் தெரியல, கோர்ட் க்ளர்க்குக்கும் தெரியல. ரிப்போர்ட்ட வரிக்கு வரி படிச்சுப் போயிருந்த என் சீனியருக்கு அன்னைக்கு ரிப்போர்ட் தேவையே படல. அதுலேருந்து எந்த கேஸா இருந்தாலும் பார்சல பிரிச்சு எண்ணாம நான் க்ராஸ ஆரம்பிக்கறதில்ல.

இனி யாரு கையெழுத்து போட்டிருக்காங்கன்னு பாருங்க. பழைய சி.ஆர்.பி.சி. 293, இப்ப பி.என்.எஸ்.எஸ். 329, அரசு லேப் நிபுணரோட ரிப்போர்ட்ட அவர கூண்டுல ஏத்தாமலே சாட்சியமா எடுத்துக்கலாம்னு சொல்லுது. ஆனா யாரு யாரு ரிப்போர்ட்டுங்கறதுக்கு லிஸ்ட் இருக்கு, மத்திய, மாநில தடயவியல் லேப்னா டைரக்டர், டெபுடி டைரக்டர், அசிஸ்டண்ட் டைரக்டர். கையெழுத்துக்குக் கீழ இருக்கற பதவிய லிஸ்ட்டோட வச்சுப் பாருங்க, அதுல வராத பதவின்னா அவரு வந்து சாட்சி சொல்லியே ஆகணும்னு வாதாடலாம். ஆயுதப்படை ஆர்மரர் (துப்பாக்கி பராமரிக்கறவர்) குடுக்கற சர்டிபிகேட்டும் சில சமயம் இதோட சேர்ந்து வரும், அவரு துப்பாக்கி வேலை செய்யுதா இல்லையான்னு சொல்லலாம், தோட்டா மேட்ச் பத்திப் பேசுனா உடனே எழுந்துருங்க.

இங்க ஒரு பொறி இருக்கு, நிறைய பேர் விழறாங்க. பி.என்.எஸ்.எஸ். 330 படி டாக்குமெண்ட் கைக்கு வந்தா முப்பது நாளுக்குள்ள ஒத்துக்கறீங்களா மறுக்கறீங்களான்னு சொல்லணும், கோர்ட் நினைச்சா நேரம் நீட்டலாம், ஆனா ரிப்போர்ட்ட யாரும் மறுக்கலன்னா நிபுணர கூப்பிட வேண்டியதில்லன்னு அதுலயே இருக்கு. பெஞ்ச் க்ளர்க் நீட்டுற பேப்பர்ல பத்தோட பதினொண்ணா "ஆட்சேபணை இல்லை"ன்னு கையெழுத்து போட்டுட்டு, ரெண்டு வருஷம் கழிச்சு ஆர்க்யூமெண்ட்ல நிபுணர விசாரிக்கலையேன்னு கத்துனா யாரு கேப்பா. மறுக்கறேன்னு தெளிவா எழுதிக் குடுத்துட்டு, நிபுணர வரவழைக்கத் தனியா மனு போடுங்க.

நிபுணர் வந்தா என்ன கேக்கறது. சட்டம் நமக்கு ஒரு நல்ல கருவி குடுத்திருக்கு, நிபுணர் கருத்து பி.எஸ்.ஏ. (புது சாட்சியச் சட்டம்) 39, பழைய சாட்சியச் சட்டத்துல 45. அந்தக் கருத்துக்கான காரணமும் பொருத்தமான சங்கதின்னு சொல்றது பி.எஸ்.ஏ. 45, பழைய 51. பழைய 45-ம் புது 45-ம் வேற வேற, ஆர்க்யூமெண்ட்ல நம்பர் மாத்திச் சொல்லி அசடு வழியாதீங்க, நான் வழிஞ்சிருக்கேன். காரணத்தக் கேக்கறதுன்னா, ஒர்க் ஷீட் எங்க, மைக்ராஸ்கோப் போட்டோ எடுத்தீங்களா, எடுத்தா கொண்டு வந்தீங்களா, எத்தனை டெஸ்ட் சுட்டீங்க, டெஸ்ட் தோட்டாவ ஒண்ணோட ஒண்ணு முதல்ல ஒத்துப் பார்த்தீங்களா, ஒத்துப்போகாத தழும்பு ஏதாச்சும் இருந்துச்சா, இருந்தா அத எங்க எழுதியிருக்கீங்க, வேற யாராச்சும் ரெண்டாவதா பார்த்தாங்களா, பார்த்தவருக்கு உங்க முடிவு முன்னாடியே தெரியுமா. ஒவ்வொரு கேள்விக்கும் ஆமா இல்லன்னு வர்ற மாதிரி சின்னதா கேளுங்க. "நீங்க தப்பு பண்ணிட்டீங்கன்னு சொல்றேன்"னு மொட்டையா ஒரு சஜஷன் போட்டு உக்காந்துறாதீங்க. "ஏன் மேட்ச்னு முடிவு பண்ணீங்க"ன்னு வாயத் தொறந்து விடற கேள்வியும் வேணாம், அவரு இருபது நிமிஷம் க்ளாஸ் எடுப்பாரு, போட்டோ இல்லாத குறைய நீங்களே நிரப்பிக் குடுத்த மாதிரி ஆயிடும்.

இந்த "மேட்ச்"ங்கற வார்த்தை எவ்ளோ தாங்கும்னு தெரியணும்னா அமெரிக்காவுல நடந்ததப் பார்க்கணும், இந்தத் துறைய வளர்த்ததும் அவங்க தான், இப்ப சந்தேகப்படறதும் அவங்க தான். 2016-ல ஜனாதிபதியோட அறிவியல் ஆலோசனைக் குழு ஒரு ரிப்போர்ட் குடுத்துச்சு, நிபுணருங்க எவ்ளோ தப்பு பண்றாங்கன்னு சரியா வடிவமைச்சு அளந்த ஆய்வு அதுவரைக்கும் ஒண்ணே ஒண்ணு தான் இருக்குன்னும், அதுல ஒத்துப்போகாதத ஒத்துப்போகுதுன்னு சொன்ன அளவு சுமாரா 66-ல ஒண்ணு, 46-ல ஒண்ணு வரைக்கும் கூட இருக்கலாம்னும் சொன்னாங்க. 2023 ஜூன்ல மேரிலேண்ட் மாநில சுப்ரீம் கோர்ட், நாலுக்கு மூணுன்னு பிரிஞ்சு, இந்தக் குண்டு இந்தத் துப்பாக்கியிலேருந்து தான் வந்துச்சுன்னு நிபுணர் அடிச்சுச் சொல்ல அனுமதிச்சது தப்பு, ஒத்துப்போற மாதிரி இருக்கு இல்லைங்கற அளவுல நிறுத்திக்கணும்னு சொல்லுச்சு. நம்ம கோர்ட்ட இது கட்டுப்படுத்தாது, அத தூக்கிட்டு வந்து ஜட்ஜ் முன்னாடி வீசுனா முகம் சுளிப்பாரு. ஆனா நிபுணர்கிட்ட "உங்க முடிவுல தப்பு வர்ற அளவு எவ்ளோன்னு அளந்திருக்கீங்களா"ன்னு ஒரு கேள்வி கேக்கறதுக்கு எந்தத் தடையும் இல்ல.

டிஃபென்ஸ் சோம்பேறித்தனமா இருந்தா என்ன ஆகும்ங்கறதுக்கு அலபாமாவுல ஆந்தனி ரே ஹின்டன் கேஸ் இருக்கு. 1985-ல புடிச்சாங்க, மூணு ஓட்டல் கொள்ளை, அதுல ரெண்டு மேனேஜருங்க செத்துட்டாங்க. அவரு அம்மா வீட்ல ஒரு ரிவால்வர் இருந்துச்சு, மூணு சம்பவத்துல எடுத்த ஆறு குண்டும் அதுலேருந்து தான் வந்துச்சுன்னு அரசு நிபுணருங்க சொன்னாங்க. கேஸே அந்த ஆறு குண்டு மேல தான் நின்னுச்சு. வக்கீலு என்ன பண்ணாரு, நிபுணருக்கு ஆயிரம் டாலர் தான் கிடைக்கும்னு தப்பா நினைச்சுக்கிட்டாரு, சட்டத்துல அந்த வரம்பே அப்ப கிடையாது, ஒரு மனு போட்டிருந்தா கிடைச்சிருக்கும். ஆயிரம் டாலருக்கு வந்தவருக்கு ஒத்தக் கண்ணு, மைக்ராஸ்கோப்ப இயக்கவே திணறுனாரு, பிராசிக்யூட்டர் ஜூரி முன்னாடி அவர நாராக் கிழிச்சாரு. மரண தண்டனை. அப்பறம் 2002-ல மூணு நல்ல நிபுணருங்க பார்த்துட்டு, இந்தக் குண்டெல்லாம் அந்த ரிவால்வர்லேருந்து வந்துச்சுன்னு சொல்லவே முடியாதுன்னாங்க. அதுக்கப்பறமும் பன்னெண்டு வருஷம் இழுத்து, 2014-ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் சட்டம் தெரியாத வக்கீலால டிஃபென்ஸே கெட்டுப்போச்சுன்னு சொல்லி, 2015 ஏப்ரல் 3 வெளிய வந்தாரு. கிட்டத்தட்ட முப்பது வருஷம். ஒரு மனு போடாததுக்கு.

நம்ம நாட்டுல ஜெசிகா லால் கேஸ் வேற பாடம். மாடல் ஒருத்தர பார்ட்டியில சுட்டுக் கொன்ன கேஸ், 1999 ஏப்ரல் 29 ராத்திரி தாண்டி டெல்லி மெஹ்ரோலி பக்கம் நடந்தது, .22 தோட்டா காலி ரெண்டு கிடைச்சுது, துப்பாக்கி கடைசி வரைக்கும் கிடைக்கல. ரெண்டு காலியும் ஒரே துப்பாக்கியா ரெண்டு துப்பாக்கியாங்கறது தான் கேஸோட உயிர், ஏன்னா ரெண்டுன்னா சுட்டது ஒருத்தன்ங்கற பிராசிக்யூஷன் கதையே ஆட்டங்கண்டுரும். ராஜஸ்தான் லேப் நிபுணர் ரெண்டும் வேற வேற துப்பாக்கி மாதிரி தெரியுதுன்னு சொன்னாரு. 2006 பிப்ரவரியில எல்லாரும் விடுதலை, அதே வருஷம் டிசம்பர்ல ஹைகோர்ட் திருப்பிப் போட்டுச்சு, 2010 ஏப்ரல் 19 சுப்ரீம் கோர்ட் தண்டனைய உறுதி பண்ணுச்சு. அதோட விடல, 2013-ல ஹைகோர்ட் அந்த நிபுணர் மேலயே பொய் சாட்சின்னு நடவடிக்கை எடுக்கச் சொல்லுச்சு. 2016 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் அத ரத்து பண்ணுச்சு, நிபுணர் குடுக்கறது கருத்து, அது கோர்ட்டுக்கு ஏத்துக்கத் தோணலங்கறதுக்காக பொய் சாட்சி ஆகாதுன்னு. எனக்கு அந்தத் தீர்ப்பு ரொம்ப பிடிக்கும். நமக்கு சாதகமா வந்தாலும் பாதகமா வந்தாலும் ரிப்போர்ட் ஒரு கருத்து தான், அத சட்டமே சொல்லுது.

துப்பாக்கியே கிடைக்கலன்னா, இல்ல ரிப்போர்ட்டே வாங்கலன்னா? இதுக்கு ரெண்டு பக்கமும் தீர்ப்பு இருக்கு, பாதிய மட்டும் படிச்சுட்டுப் போய் அடி வாங்காதீங்க. 1953 சட்ட இதழ்ல வந்த மொஹிந்தர் சிங் தீர்ப்பு, இந்த ஆயுதத்தால இப்படித்தான் காயம் வந்துச்சுன்னு பிராசிக்யூஷன் சொன்னா அது முடியும்னு நிபுணர வச்சுக் காட்டணும்னு சொல்லுது. 1963 சட்ட இதழ்ல வந்த குர்சரண் சிங் தீர்ப்பு, கண்ணால பார்த்த சாட்சி நம்பற மாதிரி இருந்தா ஒவ்வொரு கேஸ்லயும் நிபுணர் வேணும்னு கட்டாயமில்லங்குது. 1995 சுக்வந்த் சிங்ல, காலி தோட்டாவும் பிஸ்டலும் கையில இருந்தும் ஒத்துப் பார்க்க அனுப்பலையேன்னு பிராசிக்யூஷனப் பிடிச்சாங்க. 2021 குலாப் கேஸ்ல கண்சாட்சி பலமா இருந்ததால துப்பாக்கி கிடைக்காததும் ரிப்போர்ட் இல்லாததும் பெருசா எடுபடல. அதனால உங்க கேஸ்ல கண்சாட்சி எவ்ளோ தேறும்னு பார்த்துட்டு, அப்பறம் இந்த வாதத்த எடுங்க. கண்சாட்சி அசைஞ்சா இது கோடாலி, அசையலன்னா வெறும் ஊசி.

மேட்ச் எல்லாம் சரி, தேதி சரி, சீல் சரின்னே வைங்க. அப்பவும் அது தோட்டாவ துப்பாக்கியோட கட்டுது, துப்பாக்கிய மனுஷனோட கட்டறது வேற கயிறு. ஆள் காட்டிக் குடுத்து எடுத்ததுன்னா பழைய 27, இப்ப பி.எஸ்.ஏ. 23-ல, போலீஸ் காவல்ல சொன்னது செல்லாதுங்கறதுக்கு வர்ற விதிவிலக்கு, எங்கேருந்து எடுத்தாங்க, எல்லாரும் போய் வர்ற இடமா, பூட்டி வச்ச இடமா, வி.ஏ.ஓ. உண்மையிலயே போனாரா இல்ல ஸ்டேஷன்ல உக்காந்து கையெழுத்து போட்டாரா. எம்.ஜி.ஆர், எம்.ஆர்.ராதா கேஸ் காலத்துலேருந்தே சண்டை இது தான், துப்பாக்கி யாரு கையில இருந்துச்சு, சுட்டது யாரு. ஆர்ம்ஸ் ஆக்ட் செக்‌ஷனும் சேர்த்திருந்தா, லைசென்ஸ் இல்லாத ஆயுதத்துக்கான 3-வது பிரிவு குற்றம்னா 39-வது பிரிவு படி கலெக்டரோட முன் அனுமதி வேணும், அது ஃபைல்ல இருக்கா, தேதி சார்ஜ் ஷீட்டுக்கு முன்னாடியா பின்னாடியான்னு பார்த்துக்குங்க. ரெண்டு நிமிஷ வேலை, சில கேஸ்ல அந்த சார்ஜே போயிடும்.

கையில மருந்துத் துகள் இருந்துச்சுன்னு ரிப்போர்ட் வந்தா ரொம்ப அரள வேணாம். ஈயம், பேரியம், ஆன்டிமனி மூணும் சேர்ந்த துகளத் தேடுவாங்க, அது கை கழுவுனா போயிடும், சும்மா வேலை செஞ்சாலே சில மணி நேரத்துல உதிர்ந்துரும், அதே சமயம் துப்பாக்கி தூக்குற போலீஸ்காரர் கை புடிச்சு ஜீப்ல ஏத்துனா நம்ம ஆள் கையில ஒட்டவும் செய்யும். எத்தனை மணிக்கு கை துடைச்சு எடுத்தாங்க, அதுக்கு முன்னாடி யாரு புடிச்சாங்க, அவ்ளோ தான் கேள்வி. தூரம் விஷயத்துல டாக்டர் சொல்றதையும் லேப் சொல்றதையும் ஒண்ணா வச்சுப் பாருங்க, காயத்த சுத்தி கருப்பா புகைப் படிவோ, மருந்துத் துகள் குத்துன புள்ளியோ இருந்தா கிட்டக்க சுட்டது, இல்லன்னா தள்ளி. கண்சாட்சி முப்பது அடி தள்ளி நின்னு சுட்டான்னு சொல்லி, போஸ்ட்மார்ட்டத்துல காயத்த சுத்தி கருகியிருக்குன்னா அந்தக் கண்சாட்சி அங்க இல்ல. பன்னெண்டு போர்ல ரவை எவ்ளோ விரிஞ்சிருக்குங்கறத வச்சு தூரம் சொல்லுவாங்க, ஆனா அதே துப்பாக்கி, அதே ரகத் தோட்டாவுல சுட்டுப் பார்க்காம புத்தகக் கணக்க வச்சுச் சொன்னா ஒத்துக்காதீங்க.

தம்பி மறுநாள் காலையில ஒரு பேப்பர்ல ரெண்டு கோடு போட்டு வாட்ஸ்அப்ல அனுப்புனான். காலி தோட்டா எடுத்தது நாலாந்தேதி, துப்பாக்கி ஒம்பது, கோர்ட் சீல் ரெண்டுலயும் பதினொண்ணு. லேப் ரிப்போர்ட்ல பார்சல் ஒண்ணு, ஒரே பார்சல்ல ரெண்டும். மைக்ராஸ்கோப் போட்டோ இணைப்புல இல்ல. 330-க்கு நல்ல வேளை இன்னும் கையெழுத்து போடல. ரிப்போர்ட்ட மறுக்கறதா ஒரு மெமோ, நிபுணர வரவழைக்க ஒரு மனு, ஒர்க் ஷீட்டும் போட்டோவும் கொண்டு வரச் சொல்லி தனியா ஒரு மனு, ஸ்டேஷன்ல பொருள் வந்த போன கணக்கு எழுதற ரெஜிஸ்டர வரவழைக்க இன்னொண்ணு, நாலையும் ஒரே நாள்ல போடச் சொன்னேன். வாய்தா பதினெட்டாந்தேதி, பார்சல பிரிக்கறப்ப எண்றதுக்கு நானும் வர்றேன்னு சொல்லியிருக்கேன்.